உறவு என்ற இடத்தில்

கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைக் கோயில்களின் பரிபாலன சபைகளிலும் தேவாலயங்களின் பங்குச் சபைகளிலும் இருக்கும் பெரியோருக்கு,

புதுக்கடையில் முப்பது வருடங்களுக்கு மேலாகச் சட்டத்தரணியாகவும் பிரசித்த நொத்தாரிசாகவும் தொழில் பார்க்கிறேன். உங்களில் சிலருடைய வீட்டு உறுதிகளின் பிரதி என் அலுமாரியில் இருக்கிறது. உங்கள் பிள்ளைகளின் கலியாண எழுத்துக்குச் சாட்சியாக வந்து கையொப்பம் வைத்திருக்கிறேன். ஆடிவேல் காலி வீதியால் வரும்போது உங்களோடு நின்று தேங்காய் உடைத்தவள். கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளில் என் கத்தோலிக்கச் சிநேகிதிகளோடு மெழுகுதிரி பிடித்து நடந்தவள். உங்கள் வீட்டுப் பிள்ளை என்ற உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

சில வாரங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து திருநீறு வாங்கும் இடத்தில் ஒரு தாளை நீட்டினார்கள். ஒரே பாலினத்தவரின் திருமணம் இந்த நாட்டுக்கு வேண்டாம், அது எங்கள் சமயத்துக்கும் பண்பாட்டுக்கும் விரோதம், கீழே கையொப்பமிடுபவர்கள் அதை வன்மையாக எதிர்க்கிறோம் என்று எழுதியிருந்தது. பிறகு வாசித்து ஒப்பமிடுகிறேன் என்று கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்த ஒரு சிநேகிதி, தன் பங்கில் கொடுத்த தாளைக் கொண்டுவந்து காட்டினாள். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். தலைப்பில் மட்டும் சமயத்தின் பெயர் மாறியிருந்தது. மற்ற எல்லா வரிகளும் ஒன்று. ‘பண்பாட்டுக்கும்’ என்ற சொல்லில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது; அந்தப் பிழையும் இரண்டிலும் ஒன்று.

அதைப் பார்த்ததிலிருந்து என் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. மறுபிறப்பைப் பற்றி, விக்கிரகத்தைப் பற்றி, முத்தியைப் பற்றி இரண்டு சமயமும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. இந்த ஒரு விடயத்தில் எழுத்துப்பிழை முதற்கொண்டு ஒத்துப்போகின்றன என்றால், அந்தத் தாளை எழுதியது எந்தச் சமயம்?

முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கையொப்பம் வைத்தவர்களில் பலருக்கு அது தெரியாது. இந்த நாட்டில் அப்படியொரு திருமணத்தை அனுமதிக்கும் சட்டமூலம் எதையும் யாரும் பாராளுமன்றத்துக்குக் கொண்டுவரவில்லை. நாங்கள் இன்னும் அதற்கு வெகு முந்திய படியில் நிற்கிறோம். 1883இல் ஆங்கிலேயர் எங்களுக்கு எழுதிவைத்த தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு ‘இயற்கை ஒழுங்குக்கு முரணான’ உடலுறவுக்குப் பத்து வருடம்வரை சிறை என்கிறது. 365அ பிரிவு இன்னும் மங்கலான சொற்களில் இரண்டு வருடம்வரை என்கிறது. 1995இல் அந்தக் கோவையைத் திருத்தியபோது இதை எடுத்துவிடுவார்கள் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். நடந்தது மறுவளமாக. ‘ஆண்’ என்று இருந்த இடத்தைப் பால் வேறுபாடற்றதாக மாற்றினார்கள். அதுவரை சட்டத்தின் கண்ணில் படாத பெண்களும் உள்ளே வந்தார்கள்.

எங்கள் அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை, பழைய சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லுபடியாகும் என்கிறது. அதனால் இந்தியாவில் 2018 செப்டெம்பர் 6ஆம் திகதி நடந்ததுபோல, ஒரு வழக்கில் நீதிபதிகள் இதைத் தள்ளிவிட இங்கே வழியில்லை. மருதானைப் பொலிஸார் தொடுத்த ஒரு வழக்கு மேன்முறையீட்டில் உயர் நீதிமன்றம்வரை வந்தது. சம்மதமுள்ள பெரியவர்கள் தனிமையில் செய்வதை அரசு குற்றமாக்கக்கூடாது என்பதே இன்றைய சிந்தனை என்று 2016இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் சட்டம் இருப்பதால் குற்றத்தீர்ப்பை நீக்க முடியவில்லை. தண்டனையை ஒத்திவைத்துத்தான் விட முடிந்தது.

2023இல் பிரேம்நாத் சி. தொலவத்த என்ற பாராளுமன்ற உறுப்பினர் இந்தப் பிரிவுகளைத் திருத்தத் தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தார். அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்தார்கள். கலாசாரம், பிள்ளைகளின் பாதுகாப்பு, நோய் என்று எல்லாம் பேசப்பட்டன. பிரதம நீதியரசர் ஜயந்த ஜயசூரிய உட்பட மூன்று நீதியரசர்கள் கேட்டார்கள். சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை, சாதாரண பெரும்பான்மை போதும், இதைக் குற்றமில்லை என்று ஆக்குவது மனித மாண்பை உயர்த்தவே செய்யும் என்ற தீர்மானத்தை மே 9ஆம் திகதி சபாநாயகர் சபையில் வாசித்தார். அவ்வளவுதான். 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைந்தபோது அந்தச் சட்டமூலமும் அதோடு போனது.

ஆக, திருமணம் வேண்டாம் என்று நீங்கள் ஒப்பமிடும் ஆட்கள், சட்டத்தின்படி இன்னும் குற்றவாளிகள். கலியாண மண்டபத்தின் படலையைப் பூட்ட ஓடுகிறோம். அவர்கள் இன்னும் பொலிஸ் நிலையத்துப் படலையைத் தாண்டவில்லை.

இனி ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

இரண்டு பெண்கள் என் அறைக்கு வந்தார்கள். இருவருக்கும் ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஒருவர் கணக்கு ஆசிரியை, மற்றவர் ஒரு நிறுவனத்தில் கணக்காளர். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக ஒரு மாடிக் குடியிருப்பை இருவர் சம்பளத்திலும் கடன் கட்டி வாங்கியிருக்கிறார்கள்; உறுதி ஒருவர் பெயரில் மட்டும். பத்தொன்பது வருடமாக ஒரே அடுப்பு. இறுதி விருப்பாவணம் எழுத வேண்டும் என்றார்கள். ஆசிரியைக்கு அந்த வருடம் இருதயத்தில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. வைத்தியசாலையில் படிவத்தை நீட்டி ‘உறவுமுறை’ என்று கேட்டார்களாம். சிநேகிதி என்று மற்றவர் சொன்னவுடன் படிவம் திரும்பிப் போய்விட்டது. கனடாவில் இருக்கும் தம்பிக்கு, அங்கே நடுச்சாமத்தில், தொலைபேசி எடுத்துச் சம்மதம் வாங்கினார்கள். அந்தத் தம்பி அக்காவோடு கதைத்து ஆறு வருடம். அத்தனை நேரமும் கணக்காளர் வெளியில் வாங்கில், ஆசிரியையின் செருப்பையும் கண்ணாடியையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

ஆவணத்தை என் எழுதுவினைஞர் தட்டச்சு செய்துகொண்டு வந்தார். சொத்து யாருக்குச் சேர வேண்டும் என்ற வரி வந்தது. ‘எனது’ என்று அடித்துவிட்டு அவருடைய விரல்கள் நின்றுவிட்டன. எனது மகள், எனது கணவர், எனது பெறாமகன் என்று அடித்து அடித்துப் பழகிய விரல்கள். என்னைப் பார்த்தார். நான் அந்த இருவரையும் பார்த்தேன். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

“சிநேகிதி எண்டு போடுங்கோ மிஸ்,” என்றார் ஆசிரியை. பிறகு மெதுவாக, “வேற சொல்லு இருக்கே?” என்று கேட்டார்.

முப்பது வருடத் தொழிலில் அந்தக் கேள்விக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. கணவன் மனைவி என்றால் விருப்பாவணமே எழுதாமல் ஒருவர் போனாலும், பொதுச் சட்டத்தில் மற்றவருக்குப் பாதி சேரும். 1876ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறது. இவர்களுக்குச் சேர, விருப்பாவணமும் அதற்குச் சாட்சிகளும் வேண்டும். நாளைக்குத் தம்பி வந்து ஆவணத்தைச் சவாலுக்கு உட்படுத்தினால் அதற்கும் வழக்காட வேண்டும். அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுக்கலாம். கொடுத்தவர் கண்மூடிய நிமிடமே அதுவும் செத்துவிடும். செத்தவீட்டில் கொள்ளி யார் வைப்பது என்று கேட்கும்போது கடுதாசி எதுவும் உதவாது.

நீங்கள் ஒப்பமிட்ட தாளுக்கு மறுபக்கத்தில் இருப்பது அந்த வைத்தியசாலை வாங்குதான். அதில் இருந்தவரை நேரில் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

நான் எப்போதும் இப்படி நினைத்தவள் என்று எண்ணிவிடாதீர்கள். 1994இல், தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு பெடியனின் தாய் என்னைத் தேடி வந்தார். கடற்கரையோரம் இன்னொரு பெடியனோடு இருந்தபோது பொலிஸார் பிடித்துவிட்டார்கள். நீதவான் முன் பிணை கேட்க ஒரு ஆள் வேண்டும். அந்தத் தாயின் சேலைத் தலைப்பு முழுக்க ஈரம். நான் வேறு வழக்கு இருக்கிறது என்று பொய் சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். அன்று மாலை கோயிலுக்குப் போய், சமயத்துக்கு விரோதமான காரியத்தில் நான் தலையிடவில்லை என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அந்த அம்மா என் முன்னால் நின்ற நேரத்தில் எனக்குள் வந்தது சமயம் இல்லை. தேவாரம் வரவில்லை, ஆகமம் வரவில்லை. வந்தது அருவருப்பு. அதற்குப் பின்னால், நீதிமன்ற வராந்தாவில் என்னை அந்த வழக்கோடு யாராவது பார்த்தால் என்ன கதைப்பார்கள் என்ற பயம். கலியாணம் பேசிக்கொண்டிருந்த வயது எனக்கு. சனம் என்ன சொல்லும் என்பதுதான் அன்றைக்கு என் வேதம். சமயம் பிறகு வந்தது, மாலையில், அந்தப் பயத்துக்கு ஒரு பட்டுச்சால்வை போர்த்துவதற்கு.

நான் கேட்பது இதைத்தான். உங்களுக்குள்ளும் இந்த வரிசைதானா என்று ஒரு தடவை பாருங்கள். எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது?

சென்னை மேல் நீதிமன்றத்தில் நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் இதைச் செய்தார். மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு இளம் பெண்கள், பெற்றோரிடமிருந்தும் பொலிஸாரிடமிருந்தும் பாதுகாப்புக் கேட்டு அவர் முன் வந்தார்கள். இந்த விடயத்தை முழுதாகப் புரிந்துகொள்ளாத பெரும்பான்மையில் தானும் ஒருவர் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். தீர்ப்பு எழுதமுன் உளவியலாளர் ஒருவரிடம் தானே போய் அமர்ந்து கற்றுக்கொண்டார். 2021 ஜூன் 7ஆம் திகதி வந்த அவருடைய கட்டளையை நான் இரண்டு தடவை முழுதாக வாசித்தேன். நீதிபதி ஒருவர் தன் தப்பெண்ணத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதே நீதிமன்றத்தின் இரு நீதியரசர்கள் 2025 மே மாதம் இன்னோர் இளம் பெண்ணைப் பெற்றோரின் பிடியிலிருந்து விடுவித்தபோது, குடும்பம் என்பது திருமணத்தால் மட்டும் அமைவதில்லை என்று சொன்னார்கள். இந்திய உயர் நீதிமன்றம் 2023 ஒக்டோபரில் திருமண உரிமையை மறுத்த பின்னும் வந்த வார்த்தை அது.

உங்களில் சிலர், இல்லை பிள்ளை, எனக்கு உண்மையாகவே சமயம்தான் காரணம் என்று சொல்வீர்கள். நம்புகிறேன். ஆனால் மாவட்ட நீதிமன்றத்தில் நான் தினமும் பார்ப்பதை வைத்து ஒன்று கேட்கிறேன். கத்தோலிக்கப் போதனையின்படி திருமணத்தை மனிதர் பிரிக்க முடியாது. இருந்தும் இந்த நாட்டின் நீதிமன்றங்கள் கத்தோலிக்கருக்கும் விவாகரத்துக் கொடுக்கின்றன. பிரிந்தவர்கள் பதிவாளர் முன் மறுமணம் செய்கிறார்கள். அதை நிறுத்தச் சொல்லி எந்தப் பங்கிலாவது தாள் சுற்றியதா? நான் கண்டதில்லை. தேவாலயம் தன் பீடத்தில் அந்த மறுமணத்தை நடத்தாது. அது தேவாலயத்தின் உரிமை. அரசு தன் புத்தகத்தில் அதைப் பதியும். அது குடிமகனின் உரிமை. இரண்டும் ஒரே தெருவில் சண்டையில்லாமல் இருக்கின்றன. போதனை மட்டுமே காரணமென்றால் இரண்டுக்கும் ஒரே கோபம் வந்திருக்க வேண்டும். ஒன்றுக்கு மட்டும் வருகிறது என்றால் மிச்சக் கோபம் எங்கிருந்து வருகிறது?

சைவர்களுக்கும் அதேதான். மனுவில் இருக்கிறது என்று ஒரு பெரியவர் எனக்குச் சொன்னார். இருக்கிறது, உண்மைதான். ஆணோடு ஆண் சேர்ந்தால் உடுத்த உடையோடு குளிக்க வேண்டும் என்கிறது. பெண்களுக்கு அதைவிடக் கொடிய தண்டனை சொல்கிறது. ஆனால் மனுவை வைத்து நாங்கள் வேறு எதை நடத்துகிறோம்? எங்கள் முதுசத்தைத் தேசவழமை பார்க்கிறது, எழுத்தைக் கட்டளைச் சட்டம் பார்க்கிறது, கலியாண நாளைப் பஞ்சாங்கம் பார்க்கிறது. இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் மனுவை அலுமாரியிலிருந்து தூசி தட்டி எடுக்கிறோம்.

மறுபக்கம் அர்த்தநாரீசுவரரையும் அரிகரபுத்திரனையும் சாட்சிக்கு அழைக்கிறவர்களும் உண்டு. நான் அழைக்கமாட்டேன். சுவாமியின் திருவுருவத்தை வழக்குக்கு ஆவணமாக்குவது எனக்குப் பிடிக்காது. அந்தக் கணக்காளர் வைத்தியசாலையில் தன் ஆளின் பக்கத்தில் இருப்பதற்குப் புராணத்தில் ஆதாரம் தேட வேண்டியதில்லை.

பாவம் என்று நம்புவதும் குற்றமாக்குவதும் வேறு வேறு என்பதைச் சமயத் தலைவர்களே சொல்லியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1960களில் இந்தச் சட்டத்தை நீக்கும் விவாதம் வந்தபோது, கன்ரபெரி பேராயர் மைக்கல் ராம்சே ஓரினச்சேர்க்கையைப் பாவம் என்று நம்பிக்கொண்டே குற்றப் பட்டியலிலிருந்து எடுப்பதை ஆதரித்தார். 1967இல் இங்கிலாந்து அதை எடுத்தது. எங்களுக்குக் கொடுத்தவர்கள் தங்கள் வீட்டில் கழற்றி அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. நாங்கள்தான் எங்கள் பண்பாடு என்று அதைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். 2023 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ், ஓரினச்சேர்க்கையாளராக இருப்பது குற்றமில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அதே வருட டிசம்பரில், திருமணம் பற்றிய போதனையை மாற்றாமலே அப்படியான இணையருக்குக் குருமார் ஆசீர்வாதம் கொடுக்க வத்திக்கான் இடம்விட்டது. எங்கள் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை 2025இல் ஓரினச்சேர்க்கையாளரை நோக்கிய ஒரு சுற்றுலாத் திட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார் என்பதும் எனக்குத் தெரியும். அவர் பேசலாம். ஆனால் ஒரே திருச்சபைக்குள்ளேயே இத்தனை குரல் இருக்கும்போது, எங்கள் சமயம் இதைத்தான் சொல்கிறது என்று ஒரு தாளில் ஒரே வரியில் முடித்துவிட முடியுமா?

மனதில் பட்ட இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே வந்து கும்பிட நின்றார்கள். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் அந்த உரிமையைக் கொடுத்திருந்தது. கதவைச் சாத்தி மறித்தவர்கள் பாமரர் இல்லை. முன்னே நின்றவர் சி. சுந்தரலிங்கம், கணிதப் பேராசிரியர், அப்புக்காத்து, முன்னாள் அமைச்சர். அவர்மீது அந்தச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டார்கள். அவரும் அவரோடு நின்றவர்களும் பேசியது என்ன? ஆகமம், வழக்கம், கோயிலின் புனிதம். மனம் நிறைந்த நம்பிக்கையோடுதான் பேசினார்கள் என்று நினைக்கிறேன். அன்றைக்கு எங்கள் குடும்பத்திலும் அவர் பக்கம் நின்றவர்கள் இருந்தார்கள். என் அப்பாவே அதைப் பிறகு வெட்கத்தோடு சொன்னார். இன்று அந்த வாசலைப் பற்றிப் பேசும்போது நாங்கள் எல்லோரும் சாதி வெறி என்கிறோம். சமயம் என்று ஒருவரும் சொல்வதில்லை. அதே சொற்கள், அதே ஆகமம். அதற்குள் இருந்தது என்ன என்று தெரிய எங்களுக்கு ஒரு தலைமுறை எடுத்தது.

கடைசியாக, நாங்கள் யார் என்பதை வைத்து ஒன்று. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியப்புறம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் இருந்த தமிழரை, 370க்கு மேற்பட்டவர்களை, பொலிஸார் எழுப்பி பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். கொழும்பில் இருக்கக் காரணம் சொல்ல முடியாதவர்கள் என்றார்கள். அடுத்த நாள் புதுக்கடையில் அடிப்படை உரிமை மனு எடுக்கப்பட்டு, உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து இடைக்காலக் கட்டளை கொடுத்தது. அன்றைக்கு நாட்டின் பெரும்பான்மையிடம் வாக்கெடுத்திருந்தால் முடிவு எப்படி வந்திருக்கும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். நாங்கள் எண்ணிக்கையில் குறைந்தவர்கள் என்பதால்தான் இந்தப் புதுக்கடை மேட்டுக்கு ஏறி வருகிறோம்.

2024இல் பால்நிலை சமத்துவச் சட்டமூலம் வந்தபோது, அது ஒரே பாலினத் திருமணத்துக்குக் கதவு திறக்கும் என்ற பயமும் எழுப்பப்பட்டது. மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் தீர்மானம் வந்தது. தீர்மானத்தை மதிக்கிறேன், ஆனால் அதை வாசித்தபோது வயிற்றுக்குள் ஒரு குளிர். ஒரு சிறு கூட்டத்தின் மாண்பை நாட்டின் கை தூக்கலுக்கு விட்டால் என்ன நடக்கும் என்று எங்கள் சனத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த எண்ணிக்கையில் சேர்வதற்கு நாங்களும் ஓடிப்போய்க் கையொப்பம் வைப்பது எனக்கு நோகிறது.

தாய்லாந்து எங்கள் நாட்டைப் போலவே தேரவாத பௌத்தம் வேரோடிய நாடு. 2025 ஜனவரி 23 முதல் அங்கே இந்தத் திருமணங்கள் பதியப்படுகின்றன. எங்கள் பொதுச் சட்டத்தின் அடியிலிருக்கும் அதே உரோமன் டச்சுச் சட்டத்தில் நிற்கும் தென்னாபிரிக்கா 2006இலேயே செய்துவிட்டது. நேபாளத்தில் 2023 நவம்பரில் முதல் பதிவு நடந்தது. அங்கெல்லாம் விகாரைகளும் தேவாலயங்களும் கோயில்களும் வழமைபோல மணி அடிக்கின்றன. எந்தக் குருக்களையும் எந்தப் பாதிரியாரையும் உங்கள் நம்பிக்கைக்கு மாறாக ஒரு கலியாணம் நடத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. பதிவாளரின் புத்தகம் கோயிலின் சொத்தாக இருந்ததில்லை. 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழேதான் சைவரும் கிறிஸ்தவரும் எழுத்து வைக்கிறோம். முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. தாலி கட்டும் இடம் உங்களுடையது. கையொப்பமிடும் மேசை எல்லோருடையது.

என்னிடம் தந்த தாளை இந்த மடலோடு திருப்பி அனுப்புகிறேன். என் பெயருக்கு நேரே இருக்கும் இடம் வெறுமையாக இருக்கிறது. அதற்கு முன் கையொப்பமிட்டவர்களின் பட்டியலில் அந்த ஆசிரியையின் மைத்துனர் ஒருவரும், அவருடைய மாணவியாக இருந்த ஒரு பெண்ணும் இருக்கிறார்கள். ஆசிரியையின் இந்தக் கதை அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் ஒப்பமிட்டிருப்பார்களா என்று எனக்கும் தெரியாது.

ஆசிரியையின் ஆவணத்தில் கடைசியில் ‘எனது சிநேகிதி’ என்றுதான் அடித்தோம். கையொப்பமிட்டு எழும்பும்போது அவர் பேனையைத் திருப்பித் தந்துவிட்டு, அந்த இரண்டு சொற்களின் மேல் ஒரு விரலை வைத்துச் சற்று நேரம் நின்றார். நீங்கள் யாராவது வந்து கதைக்க விரும்பினால், வழக்கு நாள்களில் நான்கு மணிக்குப் பிறகு அறையில் இருப்பேன். தேத்தண்ணி போட்டுத் தருகிறேன். எவ்வளவு நேரமானாலும் கதைப்போம்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி,
சட்டத்தரணி, புதுக்கடை, கொழும்பு 12